டெக்சாஸ்ல ஃபாஸ்டர் கேர் வேலை

பெத்தவங்ககிட்ட இருக்க முடியாத பிள்ளைங்கள அரசாங்கம் பொறுப்பெடுத்து வேற வீட்லயோ ஹோம்லயோ வளர்க்க வைக்கிறதுதான் ஃபாஸ்டர் கேர், அந்தப் பிள்ளைங்களப் பாத்துக்குற அரசு ஒர்க்கர்தான் நான். அமெரிக்காவுல டெக்சாஸ்ல கேஸ்வொர்க்கர்னு சொன்னா நம்மாளுங்க உடனே "அய்யோ, பெத்தவங்ககிட்டருந்து பிள்ளையப் பிரிக்கிற வேலையா"ன்னுதான் கேப்பாங்க. அது விசாரணை டீமும் கோர்ட்டும் பாக்குறது, என் வேலை அதுக்கப்புறம். பிள்ளைய மாசாமாசம் நேர்ல போய்ப் பாக்கணும், பெரும்பாலும் அது இருக்குற வீட்லயே, ஃபெடரல் ரூல், அதாவது மத்திய அரசு ரூல், சாக்குபோக்கு சொல்ல முடியாது. ஸ்மோக் அலாரம் வேலை செய்யுதா, மருந்துப்பெட்டி பூட்டிருக்கா, கட்டில் இருக்கான்னு டிக் அடிச்சிட்டு பிள்ளைகிட்ட தனியா உக்காந்து பேசணும், அந்தப் பத்து நிமிஷந்தான் விசிட்டே, மத்ததெல்லாம் பேப்பர். ஒரு பையன் கட்டில்ல உக்காந்து கால ஆட்டிக்கிட்டே "மிஸ், போன தடவ வந்தவங்க பழைய வீட்லருந்து என் சைக்கிள வாங்கித் தரேன்னாங்களே, உங்ககிட்ட சொன்னாங்களா"ன்னு கேட்டான். ஃபைல்ல தடுப்பூசி தேதி வரைக்கும் இருக்கு, சைக்கிள் இல்ல. முன்னாடி இருந்தவங்க வேலையையே விட்டுட்டுப் போயாச்சு. பழைய வீட்டுக்கு போன் போட்டா அத யாருக்கோ குடுத்துட்டாங்களாம்.

2015-ல ஃபெடரல் ஜட்ஜ் ஜானிஸ் ஜாக், இந்த ஸ்டேட்டோட ஃபாஸ்டர் கேர் பிள்ளைங்களோட அரசியலமைப்பு உரிமையவே மீறுதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அதுக்கப்புறம் கண்காணிப்பு இறுகிடுச்சு, ஒரு ஒர்க்கருக்கு 14-லருந்து 17 பிள்ளைங்கன்னு கணக்கு வந்துச்சு, பிள்ளைங்கள வச்சிருந்த ஹோம்கள்ல அடிக்கடி புகார் வந்ததத் துருவித் துருவிப் பாத்தாங்க, சிலது மூடியே போச்சு. மூட வேண்டியதுதான், ஆனா அதோட அங்க இருந்த கட்டிலும் போச்சுல்ல? போக்கிடம் இல்லாத பிள்ளைங்க ஆபீஸ்லயே ராத்திரி தூங்குற நிலைமை. 2021-ல சட்டசபை, ஆபீஸ்ல தங்க வைக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. சரின்னு ஹோட்டலுக்கும் வாடகை வீட்டுக்கும் கொண்டுபோனாங்க, ராத்திரி ஷிஃப்ட் போட்டு முழிச்சிருந்தது அதே கேஸ்வொர்க்கருங்கதான். எங்க தூங்கக்கூடாதுன்னு எழுதறதுக்கு ஒரு வரி போதும், தூங்கறதுக்கு வீடு புடிக்கத்தான் ஆளும் காசும் வேணும். இங்க சட்டசபையோட ரெகுலர் செஷன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுவும் 140 நாள்தான், அதுல விட்டதுக்கு பெரும்பாலும் அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

ரூல் ஜாஸ்தின்னு எங்காளுங்க புலம்புவாங்க, எனக்கு அப்படித் தோணல. மாச விசிட் கட்டாயம் இல்லன்னா பாதி வீட்டுக்கு யாரும் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா ஒண்ணே ஒண்ணு சேக்கச் சொல்வேன், கேஸ் கை மாறும்போது பழைய ஒர்க்கரும் புது ஒர்க்கரும் ஒரு விசிட்டாவது சேந்து போகணும், பிள்ளை முன்னாடியே பேசி ஒப்படைக்கணும். வேலைய விட்டுப் போறவங்க நோட்டீஸ் பீரியட்லயே இத முடிச்சிடலாம், தனியா பட்ஜெட்கூட வேணாம்.