அடிக்குறிப்பில் போட்டுவிடலாம்

"சார், 1999க்கு முன்னால் இந்தக் கோட்டில் தங்கம் இல்லை, அதற்குப் பிறகு இருக்கிறது. இரண்டையும் ஒரே கோடாக இழுக்கலாமா?" என்று வரைபடத்தைத் தயாரித்த இளைய சக ஊழியர் கேட்டதும், "அடிக்குறிப்பில் போட்டுவிடலாம், தம்பி" என்று நான் சொன்னதும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்ட பேச்சு. 2016இல் நடந்த அதை இன்னும் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

1950-51 முதல் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூலதன ஆக்கத்தின், அதாவது முதலீட்டின், பங்கு எப்படி வளர்ந்தது என்பதை ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் காட்ட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. 1999-2000ஐ அடிப்படையாண்டாகக் கொண்ட தேசியக் கணக்குப் புள்ளிவிவரத் தொடரில்தான் தங்கம், வெள்ளி, மணிகள் ஆகியவை 'மதிப்புப் பொருட்கள்' என்ற பெயரில் முதலீட்டுக் கணக்கில் ஏறின. எக்செல் தாளில் அவற்றுக்கான பத்தி 1998-99 வரை வெறுமையாக இருந்தது. அந்த வெற்றுக் கட்டங்கள் அனைத்துக்கும் அவர் மஞ்சள் வண்ணம் பூசி வைத்திருந்தார். 2011-12இல் புதிய தொடர் தொடங்கும் இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்ட ஒப்புக்கொண்ட நான், இந்த ஒட்டுக்கு மட்டும் ஏன் அடிக்குறிப்பே போதும் என்றேன்?

இடமில்லை என்று அந்த அடிக்குறிப்பும் அச்சாகும்போது நீக்கப்பட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடந்த கோடு 2011-12இல் 39 சதவீதத்தை எட்டுவதைப் பார்த்து, கிழக்காசியாவுக்கு இணையாக வந்துவிட்டோம் என்று கூட்டத்தில் ஒருவர் மகிழ்ந்தார். கட்டடம், சாலை, இயந்திரம் போன்ற நிலை மூலதனத்தை மட்டும் எடுத்தால் அந்த ஆண்டின் பங்கு சுமார் 34 சதவீதம்தான். எனக்குத் தெரியும். பேசவில்லை.

ஐக்கிய நாடுகளின் 1993ஆம் ஆண்டுக் கணக்கு நெறிமுறையே மதிப்புப் பொருட்களை மூலதன ஆக்கத்தில்தான் சேர்க்கிறது. நான் எதையும் புனையவில்லை, கூட்டவுமில்லை. ஆனாலும் பெட்டகத்துக்குள் பூட்டி வைத்த தங்கம் ஒரு முழம் நூலும் நூற்காது, ஒரு விளக்கையும் எரிக்காது. 1999-2000இல் உற்பத்தியில் 1 சதவீதத்தையும் தொடாத அந்தப் பத்தி 2011-12இல் 3 சதவீதத்தை நெருங்கியது. ரூபாயில் சுமார் இரண்டரை லட்சம் கோடி. (எங்கள் வீட்டில் வாங்கிய ஒரு காசும் அதில் எங்கேயோ சேர்ந்திருக்கலாம்.) அதற்குப் பின் வந்த இறக்கத்தை விளக்கும்போது நாங்கள் முடங்கிய திட்டங்களைப் பற்றி மட்டுமே எழுதினோம். அதுவும் உண்மைதான், நிலை மூலதனத்தின் பங்கே 2015-16இல் 29 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. ஆனால் 2012 ஜனவரியில் 2 சதவீதமாக இருந்த தங்க இறக்குமதி வரி 2013 ஆகஸ்டில் 10 சதவீதமானதும், அதன் நிழல் எங்கள் கோட்டில் விழுந்ததும் அந்தக் குறிப்பில் இல்லை.

பிற்பாடு ஒரு நாள் தங்கத்தை நீக்கிவிட்டுக் கோட்டை மறுபடியும் வரைந்தேன். ஏற்றம் கொஞ்சம் தணிந்ததே தவிர, ஏற்றமாகவே இருந்தது. அப்படியானால் நான் சொன்னது சரியாகிவிட்டதா, அல்லது வரைந்து பார்க்காமலேயே சொன்னதுதான் தவறா என்று தீர்மானிக்க முடியவில்லை. முதல்முறை கேட்டபோதே வரைந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

அவர் அதன்பிறகு இப்படி எதையும் என்னிடம் கேட்பதில்லை. தொடர்களைத் தனித்தனிக் கோடுகளாக வரைந்தே அனுப்புகிறார். நானும் கை வைக்காமல் மேலே அனுப்புகிறேன். மேலே யாரோ அவற்றை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.