ஒற்றைக் கை சமையல்

பாப்பாவுக்கு இன்றோடு 52 நாள். இடது தோளில் அவள், வலது கையில் கரண்டி, இப்படித்தான் சமையல் ஓடுகிறது. நான் மீன், பால், தயிர், நெய் எல்லாம் விட்டு நாலு வருடம் ஆகிறது, அது தெரிந்தும் பிள்ளை பெற்றவள் சுறாப்புட்டு சாப்பிடாமல் பால் எப்படி ஊறும் என்று அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம் அவளே பூண்டைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அமிர்தம்!

தினமும் ஒரே சாப்பாடுதான். துவரம்பருப்பும் முருங்கைக்கீரையும், நல்லெண்ணெயில் சீரகம் பூண்டு தாளிப்பு, தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி. கீரை ஆய்வது வீட்டுக்காரர் வேலை, காம்போடு போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பார். வைட்டமின் பி12 மட்டும் கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது, அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, அதில் நான் வீம்பு பிடிப்பதில்லை.

பெரிய எதிரி குக்கர் விசில். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இரண்டு விசிலில் வெந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், ஆனால் இவளுக்கு முதல் விசிலே போதும். இதோ, எழுந்தாச்சு.