மில்லுக்குப் போன ஜென்டூ

'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.'

கறுப்புத் திரையில் அந்த ஒரே வரி. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பாளையங்கோட்டையில் என்றோ வாங்கிய நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270 ப்ராசஸர், 1 ஜிபி ராம், 32 பிட். ஜென்டூ என்பது, பெரும்பாலும் மூல நிரலை நாமே கம்பைல் செய்து, அதாவது ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக அரைத்து, போட்டுக்கொள்ளும் லினக்ஸ். முதலில் நெட்புக்கிலேயே அதைக் கம்பைல் செய்யப் பார்த்தேன். கம்பைலரான ஜிசிசி ஒன்றுக்கே ராத்திரி முழுக்க விசிறி இரைந்தது, விடிந்தும் முடியவில்லை.

அம்மாதான் சொன்னாள்: "ஏல, மிக்ஸியில அரையலன்னா மில்லுக்குல்லா கொண்டு போவோம்?"

சரி என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தம்பியின் ரைசன் கணினியில் மாட்டினேன். 32 பிட் கணினிபோலக் காட்ட லினக்ஸ்32 போட்டு, சிஎச்ரூட் வழியாக அந்த டிஸ்க்கின் ஜென்டூவுக்குள் நுழைந்து, கம்பைலைத் தொடங்கும் எமர்ஜ் கட்டளையைத் தட்டிவிட்டேன். மத்தியானம் சொதி சாப்பிட்டு எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டிஸ்க்கைத் திரும்ப நெட்புக்கில் மாட்டி ஆன் செய்தால் அந்த ஒரே வரி: ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை வந்துவிட்டதாம்.

கோட்டை விட்டது ஒரே இடத்தில். கம்பைலருக்கான அமைப்பான சிஃப்ளாக்ஸில், எந்த ப்ராசஸருக்கு என்று சொல்லும் 'மார்ச்' என்ற இடத்தில் 'நேட்டிவ்' என்று இருந்தது. யாருக்காக அரைக்கிறோம் என்று அது பார்க்காது. எந்தக் கணினியில் அரைக்கிறோம் என்றுதான் பார்க்கும். ரைசனுக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு தெரியும். ஆட்டமோ அதற்கு முந்தைய எஸ்எஸ்எஸ்இ3-யோடு படிப்பை நிறுத்திய ஆள்.

தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவனுக்கும் தெரியும் என்றுதான் வேகமானவனுக்குத் தோன்றும்போல. எனக்குக் கணக்கு சொல்லித்தந்த சிலரும் இப்படித்தான். கரும்பலகையில் இரண்டு வரியைத் தாண்டிவிட்டு, "புரியுதுல்லா?" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். நெட்புக் பரவாயில்லை, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

'நேட்டிவ்'வை அழித்துவிட்டு இந்த ஆட்டம் வகையின் பெயரான 'பானெல்' என்று போட்டிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

கரண்ட் மட்டும் போகாமல் இருக்கணும்.