பதினாறாவது ஹோலில் கத்தலாம்

கோல்ஃப் என்றால் மூச்சு விடாமல் நின்று பார்க்கிற விளையாட்டு என்று நினைப்பவர்களை, அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் ஓபன் என்ற கோல்ஃப் போட்டி நடக்கும் வாரத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்காட்ஸ்டேலுக்குக் கூட்டி வர வேண்டும். நான் இருக்கும் சாண்ட்லரிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். விடிவதற்கு முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். கேட்டைத் திறந்ததும் இளவட்டங்கள் எல்லாம் ஒரே ஓட்டம். எதற்கு? பதினாறாவது ஹோலில் இடம் பிடிக்க.

அந்த ஹோல் ஒன்றும் பெரிய கஷ்டமானது இல்லை. பார் 3, அதாவது மூன்று தடவை அடித்து முடிக்க வேண்டியது; சுமார் 160 கெஜம். வேறு மைதானமாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழி இருக்கும் புல்தரை) வரைக்கும் சுற்றி வளைத்து, மாடி மாடியாக கேலரி கட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். ஆட்டக்காரர்கள் ஒரு சுரங்கப்பாதை வழியாக உள்ளே வருவார்கள். பந்து கிரீனில் விழுந்தால் ஆர்ப்பாட்டம், விழாவிட்டால் ஊளை. அதிலும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர் வந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். டூசானில் இருக்கும் எதிரிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் வந்தால், பாவம், பந்தைத் தொடுவதற்கு முன்பே ஊளை. ஆட்டக்காரர் ஜான் ராம் மாணவராக இருந்தபோது இங்கே வந்து, அரிசோனா ஸ்டேட்டின் ஃபுட்பால் வீரர் பாட் டில்மன் பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே ஊரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்.

1997-இல் டைகர் உட்ஸ் இதே ஹோலில் ஹோல்-இன்-ஒன் (ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போடுவது) அடித்தபோது கேலரி இவ்வளவு பெரிதாக இல்லை. மண்மேட்டில் நின்ற கூட்டம்தான் பீர் கப்புகளை வீசிக் கொண்டாடியது. 2022-இல் சனிக்கிழமை சாம் ரைடர், மறுநாள் கார்லோஸ் ஓர்டிஸ் என்று இரண்டு பேர் அடித்தார்கள். கேன்களும் பாட்டில்களும் மழையாகக் கொட்டின. பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது. அதே ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் ஹாரி ஹிக்ஸும் ஜோயல் டாமனும் கிரீனிலேயே சட்டையைத் தூக்கி ஆட்டம் போட்டார்கள். (இந்தப் போட்டியின் ஸ்பான்சர் டபிள்யூ.எம்., அதாவது குப்பை அள்ளும் நிறுவனம். இதைவிடப் பொருத்தமான ஸ்பான்சரை எங்கே போய்த் தேடுவது?)

கோல்ஃப் பிரியர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கூத்து பிடிக்காது. மரியாதை கெட்டுப் போச்சு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், நான் சோமனூர்க்காரன். விசைத்தறி ஓடுகிற வீட்டில் கைக்குழந்தை நிம்மதியாகத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். பதினாறாவது ஹோலில் ஆட்டக்காரர் பந்துக்கு முன் நிற்கும்போது இரைச்சல் கொஞ்சம் இறங்கும், ஆனால் நிற்காது. அந்த இரைச்சலுக்குள்ளேயே அவர் அடித்துவிட்டுப் போகிறார். விடாமல் இருக்கிற சத்தம் யாரையும் ஒன்றும் செய்யாது. எல்லோரும் அமைதியாக இருக்கும்போது, மட்டை மேலே போன அந்த நொடியில், ஒரே ஒருவன் குரல் கொடுக்கிறான் பாருங்கள், அதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

அந்த ஒருவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். 550 கெஜ ஹோலில் முதல் அடி அடித்ததுமே ‘கெட் இன் தி ஹோல்’ என்று கத்துவான். பந்து குழிக்குப் போக இன்னும் இரண்டு தடவையாவது அடிக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். டிவியில் தன் குரல் வர வேண்டும், அவ்வளவுதான். சிலர் ‘மேஷ்டு பொட்டேட்டோஸ்’ என்று கத்துகிறார்கள். உருளைக்கிழங்கு மசியலுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோல்ஃப் போட்டிகளில் சம்பளம் இல்லாத மார்ஷல் வேலைக்குப் போவார். கையைத் தூக்கிக் கூட்டத்தை அமைதிப்படுத்துவதும், பந்து கோணலாகப் போனால் ‘ஃபோர்’ என்று கத்தி ஆட்களை எச்சரிப்பதும்தான் வேலை. “காலையில் நான் கையைத் தூக்கினால் எல்லாரும் அடங்குவாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலே என்னைப் பார்த்தே கை ஆட்டுவாங்க” என்றார். பீர் கடைக்கு எத்தனை வாசல் வைக்கிறார்களோ அத்தனை மார்ஷல் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு 2024-இல் உடைந்தது. அந்த வாரம் நல்ல மழை. கூட்டம் வழக்கமாகப் பரவி உட்காரும் புல்மேடுகள் எல்லாம் சேறாகிவிட்டன. அதனால் எல்லோரும் நடைபாதைகளில் நெருக்கியடித்து நின்றார்கள். 2018-இல் சனிக்கிழமை மட்டும் 2,16,818 பேர் வந்ததாக அறிவித்த போட்டி இது. அதற்கு அப்புறம் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நிற்க இடம் இல்லை என்றால் என்ன ஆகும்? 2024 சனிக்கிழமை மத்தியானம் வாசலை மூடினார்கள், மது விற்பனையையும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். சேற்றில் சறுக்கி விளையாடியவர்கள் வீடியோ உலகம் முழுக்கப் போனது. கூட ஆடுபவர் பந்துக்கு முன் நிற்கும்போது பேசிய ஒருவரை பில்லி ஹார்ஷல் கடிந்துகொண்டார். ஜாக் ஜான்சனும் கேலரியைப் பார்த்துச் சண்டைக்குப் போனார். அந்த வருடம் நிக் டெய்லர் பிளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) ஜெயித்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ.

இதே நாட்டில்தான் அகஸ்டா கோல்ஃப் மைதானமும் இருக்கிறது. அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் பார்வையாளர் செல்போன் கொண்டுபோகக் கூடாது, ஓடக் கூடாது. காலையில் பிடித்த ஹோலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நாள் முழுக்க எங்கே சுற்றிவிட்டு வந்தாலும், உங்கள் நாற்காலி உங்களுக்குத்தான். பிமென்டோ சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர்தான், பீரும் விற்கிறார்கள். அங்கே மட்டும் எப்படி எல்லோரும் நல்ல பிள்ளையாக இருக்கிறார்கள்? வாரம் முழுவதற்குமான பேட்ஜை, அதாவது நுழைவுச் சீட்டை, வைத்திருப்பவர், அதை யாருக்குக் கொடுத்தாலும் அவர் செய்வதற்கெல்லாம் தானே பொறுப்பு. ஒரு மருமகன் வாலாட்டினால் குடும்பத்துக்கே பேட்ஜ் போய்விடும். ஸ்காட்ஸ்டேலில் கத்தியவனேதான் ஏப்ரலில் அகஸ்டாவில் கையைக் கட்டி நிற்கிறான்.

கூட்டம் என்றாலே கெட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். 1999-இல் இதே ஸ்காட்ஸ்டேலில் பதின்மூன்றாவது ஹோலில் டைகரின் பந்து ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் நின்றது. விதிப்படி, தரையில் புதைந்திருக்காத கல்லை நகர்த்தலாம். எவ்வளவு பெரிய கல் என்று விதி சொல்லவில்லை. நடுவர் தலையாட்டினார், கேலரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கிப் பாறையை உருட்டித் தள்ளினார்கள், டைகர் பேர்டி போட்டார், அதாவது பாரைவிட ஒரு தடவை குறைவாக அடித்து முடித்தார். ரசிகன் ஆட்டத்துக்குள் வந்து உருப்படியாக ஒரு வேலை செய்த நாள் அது.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணியாக மோதும் ரைடர் கோப்பைக்கு வந்தால் கதை வேறு. அங்கே ஆள் பெயர் போய், நாடு வந்துவிடுகிறது. 1999-இல் அமெரிக்காவின் ப்ரூக்லைனில் ஐரோப்பிய அணியின் காலின் மாண்ட்கோமரியைத் திட்டிய திட்டில் அவருடைய அப்பா மைதானத்தை விட்டே போனார். எதிரே ஆடிய பேய்ன் ஸ்டூவர்ட் கடைசி ஹோலில் மாண்ட்கோமரியை பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) போடவிடாமல், ஜெயித்ததாக விட்டுக்கொடுத்தார். அதே நாள் ஜஸ்டின் லெனர்ட் பதினேழாவது ஹோலில் 45 அடி பட் போட்டதும், எதிரே ஆடிய ஒலாஸாபல் இன்னும் பட் போட வேண்டியிருக்கும்போதே அமெரிக்க ஆட்டக்காரர்கள் கிரீனுக்குள் ஓடிவந்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களே அப்படி என்றால் ரசிகர்களை என்ன சொல்ல?

2025-இல் நியூயார்க்கின் பெத்பேஜில் அது இன்னும் கீழே போனது. ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராயைக் குடும்பத்தை இழுத்துத் திட்டினார்கள். முதல் டீயில் கூட்டத்தை உசுப்ப மைக் கொடுத்து நிறுத்தப்பட்ட அறிவிப்பாளரே ஒரு கெட்ட வார்த்தைக் கோஷத்தில் சேர்ந்துகொண்டு, அப்புறம் பதவி விலக வேண்டியதாயிற்று. ஒரு கப் பானம் பறந்து வந்து மெக்கில்ராயின் மனைவி மேல் பட்டது. கூடுதல் போலீஸ் வந்தது. போட்டி நடத்திய அமெரிக்க அமைப்பு பிறகு மன்னிப்புக் கேட்டது. சனிக்கிழமை காலை ஒரு ஹோலில் பந்துக்கு முன்னிருந்து விலகி நின்று, கத்தியவனை வாயை மூடச் சொல்லிவிட்டு, மறுபடி வந்து நின்று பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் போட்டார் மெக்கில்ராய். ஐரோப்பா 15–13 என்று ஜெயித்தது.

அடுத்த ரைடர் கோப்பை 2027-இல் அயர்லாந்தின் அடேர் மேனரில். எங்கள் தெருப் பெரியவர் அங்கே மார்ஷலாக மனு போடப் போகிறாராம். அமெரிக்கர்கள் பந்துக்கு முன் நிற்கும்போது ஐரிஷ்காரர்கள் பழி தீர்ப்பார்களா என்று கேட்டேன். “பீர் கடை எத்தனை வைக்கிறாங்கன்னு முதல்ல தெரியணும்” என்கிறார்.