நூத்துக்கு 128

நேத்து ராத்திரி எங்க வீட்டு டைனிங் டேபிள்ல நடந்த பஞ்சாயத்த யார்கிட்டயாவது கொட்டலன்னா எனக்கு மண்ட வெடிச்சிரும்.

சின்னவன் இந்த வருஷம் ரெண்டாங் கிளாஸ்ல்ல. இங்க அமெரிக்கால எங்க கவுண்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) ரெண்டாங் கிளாஸ் வந்துட்டா எல்லா புள்ளைக்கும் கோகாட் டெஸ்ட், கெட்டிக்காரப் புள்ளைங்களத் தனி வகுப்புக்கு எடுக்கறதுக்காக யோசிக்கற தெறமைய பாக்கற பரீட்சை. வார்த்தை, நம்பர், படம்னு மூணு பகுதி, பாடத்துலேர்ந்து ஒண்ணும் வராது, அதனால வீட்ல படிக்க வைக்க வேணாம்னு ஸ்கூல்ல லெட்டர் வந்துச்சு. லெட்டர் வந்த அன்னைக்கே கோடி வீட்டக்கா ப்ராக்டிஸ் புக் மூணு ஆர்டர் போட்டாச்சு. நான் அவங்கள மாதிரியெல்லாம் கிடையாது. நான் ரெண்டுதான் போட்டேன்.

போன வாரம் ஸ்கோர் வந்துச்சு. 128. இதுல சராசரியே 100, உச்சம் 160, 128ன்னா அதே வயசுப் புள்ளைங்க நூறு பேர்ல 96 பேருக்கு மேல நிக்கிறான்னு அர்த்தம். ஆனா அந்தத் தனி வகுப்பு லிஸ்ட்ல பேர் இல்ல. ஏன்னா கட்ஆஃப் ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுது, அந்தந்த ஸ்கூல்ல மேல இருக்கறவங்களதான் எடுக்கறாங்க. நியாயமான ஏற்பாடுதான், நான் தப்பு சொல்லல, ஆனா வர்ஜீனியால எங்க ஏரியால தடுக்கி விழுந்தா ஒரு சாஃப்ட்வேர்காரர் வீட்டுப் புள்ள மேலதான் விழணும், அதுல பாதி நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே அபாகஸ் பழகுன கேஸு.

இத அத்தைக்கு புரிய வைக்கணும்னு நெனச்சது என் தப்பு. "ஏத்தா, நூத்துக்கு நூத்தி இருபத்தெட்டு வாங்கியிருக்கான், இன்னும் என்னத்தத்தான் கேக்குறாக?"ங்கறாங்க. உக்காந்து விளக்குனேன், கெட்டிக்காரப் புள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு இருக்கு, கவர்மெண்ட் ஸ்கூல்தான், ஃபீஸ் கிடையாதுன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப இவன இருக்குற எடத்துலேர்ந்து தொரத்திட்டாகளா?"ன்னு கண்ணு கலங்கிட்டாங்க. அன்னைக்கு மதுரைல இருக்கற மொத்த சொந்தத்துக்கும் வாட்ஸ்அப் கால் போயிருச்சு. பெரிய நாத்தனார் எனக்கு ஆறுதல் சொல்றாங்க, "வுடு, ஐடிஐ படிச்சவன்லாம் நல்லாத்தான் இருக்கான்"னு. ரெண்டாங் கிளாஸ்ங்க அவன்!

லிஸ்ட்ல இல்லாட்டியும் பெத்தவங்களே பரிந்துரை பண்ணலாம். ஃபார்ம் நிரப்பி, புள்ள செஞ்ச வேலைல சாம்பிள் வெச்சு அனுப்பணும், டீச்சர் தனியா அவங்க கருத்த எழுதுவாங்க, கமிட்டி உக்காந்து பாத்து ஏப்ரல்ல சொல்லுவாங்க. கடைசி நாள் இன்னைக்கு. இவர்கிட்ட நவம்பர்லயே சொன்னேன், அதுவும் இங்க பதிவாகட்டும்.

ஃபார்ம்ல என்ன கேக்கறாங்கன்னா, உங்க குழந்தை வீட்ல பிரச்சனைய எப்படித் தீர்க்கும், புதுசா என்ன யோசிக்கும், தலைமைப் பண்பு எப்படின்னு. பிரச்சனையே அவன்தானேங்க. மூணு மாசமா பீன்ஸ் பொரியல வாய்ல அடக்கி வெச்சுக்கிட்டு பாத்ரூம் போயி ஃப்ளஷ் பண்ணிட்டு வந்திருக்கான், எனக்குத் தெரியல. இவர் அத "நீண்டகாலத் திட்டமிடல்"னு டைப் பண்றாரு. நான் ஐபேட் பாஸ்வேர்ட் போடறப்ப என் மூக்குக்கண்ணாடில தெரியற நிழலப் பாத்தே கண்டுபுடிச்சது, "கூர்ந்த கவனிப்பு". பெரியவள வெச்சே தன் ஷூவுக்கு லேஸ் கட்ட வெக்கிறது, லீடர்ஷிப். எழுதி முடிச்சுப் படிச்சுப் பாத்தா எனக்கே அந்தப் புள்ளைய ஒருதடவ நேர்ல பாக்கணும் போல இருந்துச்சு.

இவருக்கு ஸ்கிரீன்ல படிச்சா தப்பு தெரியாதாம், பிரிண்ட் போட்டாத்தான் தெரியுமாம். பிரிண்ட் போட்டாரு, காபி போடப் போனாரு, வந்து பாத்தா பேப்பரக் காணோம்.

கிச்சன் தரைல அத்தையும் அவனும். அந்த ப்ராக்டிஸ் புக்ல பேப்பர மடிச்சு ஓட்டை போட்டுட்டு, விரிச்சா ஓட்டை எங்கெங்க இருக்கும்னு ஒரு கேள்வி வரும், இவனுக்கு மார்க் போனதே அங்கதான், ஒரு மாசமா நான் கத்திக் கத்தித் தொண்ட போனதும் அங்கதான். அத்தை புக்கப் பாத்துட்டு "இது நம்ம மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் வெட்டுறதுல்ல"ன்னுருக்காங்க. கைக்கு எது ஆப்டுச்சோ அத எடுத்து மடிச்சு வெட்டியாச்சு. நான் பத்ரகாளியா போயி நிக்கிறேன், என்ன யாரும் ஏறிட்டுக்கூடப் பாக்கல. மூணு மடிப்பு, நாலு ஓட்டை.

"பிரிக்காத அப்பத்தா, தர்ட்டி டூ."

அத்தை பிரிச்சு, விரல் கணுவத் தொட்டுத் தொட்டு எண்ணுனாங்க. முப்பத்திரண்டு.

அடுத்து நாலு தடவ மடிச்சா எத்தனைன்னு அவனே கேட்டு அவனே வெட்டப் போயிட்டான். இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு நானும் இவரும் ஃபார்ம தேடுறோம், இடமே இல்ல, எழுத்து எண்ணிக்கை ஏற்கனவே பீன்ஸ்லயே தீந்துருச்சு. பீன்ஸ எடுக்க இவருக்கு மனசு வரல.

அப்படியேதான் அனுப்பியாச்சு. தோரணம் ஃப்ரிட்ஜ் மேல தொங்குது. இருபதாந் தேதி அத்தைக்கு ஃப்ளைட், அதுவரைக்கும் எவனும் அதுல கைய வெக்கக் கூடாதுன்னு ஆர்டர். காலைல பால் எடுக்கறப்பதான் கவனிச்சேன், லீடர்ஷிப்ங்கற வார்த்தை இருந்த எடத்துல கரெக்டா ஒரு ஓட்டை.