குரோம்பேட்டை, செப்டம்பர் 2018

செப்டம்பர் 12
எங்கள் எம்.ஐ.டி.யின் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) சாதனைப் பட்டியல் இந்த வருடம் என் தலையில். மாணவர் தனி, ஆசிரியர் தனி, 30ஆம் தேதிக்குள். முடியாது என்று வாயெடுத்தேன். "மேடம், நீங்கதான் பிழை இல்லாம எழுதுவீங்க." சரி.

செப்டம்பர் 13
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கிடையாது. அப்பா ஒன்றரை இட்லி சாப்பிட்டார்.

செப்டம்பர் 15
எங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் அனுசாட்டில் மாட்டிக்கொண்டேன். முன்னுரைக்கு இரண்டு வரி போதும்: 2009 ஏப்ரல் 20, ஸ்ரீஹரிகோட்டா, பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட், 40 கிலோ, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2012 ஏப்ரல் 18இல் வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்துபோனது. மூன்று வருடத்துக்கு இரண்டே நாள் குறைச்சல். அதையும் போடுவதா? தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கும் அந்தக் கொஞ்சூண்டு காற்றே போதும், உரசி உரசி வேகத்தைக் குறைத்துக் கீழே கொண்டுவந்துவிடும். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னதுதான். இன்று வார்டில் உட்கார்ந்து அதை எழுதும்போது தொண்டை அடைத்தது.

செப்டம்பர் 17
ரிப்போர்ட் வரவில்லை.

செப்டம்பர் 18
வளையல் போயாயிற்று. போர்டில் எழுதினால் சத்தமே இல்லை. முதல் பெஞ்சுப் பெண் கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்.

செப்டம்பர் 20
முன்னாள் மாணவர் பகுதி. கலாம், 1997இல் பாரத ரத்னா. சிவன், 1980இல் இங்கே ஏரோநாட்டிக்கல் முடித்தவர், இந்த ஜனவரியில் இஸ்ரோ தலைவர். பத்து நிமிட வேலை. கலாமின் மூன்று நாள் கதையைப் புதுப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்கிறோம்: விமான வடிவமைப்பு திருப்தியாக இல்லை, மூன்று நாளில் முடி, இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் சொன்னது. எனக்கென்னவோ அதற்கு முந்தைய கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சம்பாதித்து மீட்டுத் தருவேன் என்று தம்பி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மீட்டாரா? ராத்திரி ஒரு மணி வரை தேடினேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

படிவத்தில் நான்கு கட்டம்: பெயர், விருது, வழங்கியவர், தொகை. ஜோஹராவை எங்கே போடுவது? 1949இல் சி. ராஜம் சொந்த வீட்டை விற்றுத்தான் இந்த எம்.ஐ.டி.யையே ஆரம்பித்தார். அவருக்காவது சிலை உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைப்பதே அசட்டுத்தனம், தெரியும்.

செப்டம்பர் 22
திங்கட்கிழமை என்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை?

செப்டம்பர் 24
இந்தத் திங்கள் இல்லை.

செப்டம்பர் 25
தக்‌ஷா என்ற எங்கள் ட்ரோன் அணிப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில் டால்பி என்ற ஊரில் இருக்கிறார்கள். ஆளில்லா விமானம் தானாகப் பறந்து போய், தூரத்தில் தனியாகக் கிடக்கும் ஜோ என்ற பொம்மைக்கு மருத்துவ உதவி செய்ய வேண்டும். அதுதான் போட்டி. அப்பாவிடம் சொன்னேன்.

"பொம்மைக்கா?"

"ஆமாப்பா."

"அவன் ரிப்போர்ட்டாவது வந்துச்சா?"

சிரித்து, சிரிப்பு இருமலாகி, சிஸ்டர் ஓடிவந்து என்னைத் திட்டினார். பத்து நாளில் அவர் சிரித்தது இன்றுதான்.

செப்டம்பர் 27
ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 30
இரண்டாமிடம்! முதலிடம் மொனாஷ் பல்கலைக்கழகம். எங்கே பார்த்தாலும் அஜித் படம்தான் பெரிதாக இருக்கிறது. அணிக்கு ஆலோசகர், அவர் ஆர்வமும் உண்மையானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க விழித்து ஒயர் பிடித்த பையன்களின் பெயரை நான்தான் ஒவ்வொன்றாக, இனிஷியலோடு, கட்டத்துக்குள் ஏற்றினேன். இன்றைக்கு அந்தப் படிவத்தின் மேல் கோபம் வரவில்லை.

அப்பா கேட்டார், "ரெண்டாவது வந்தாலும் போடுவாங்களா?"

"போடுவாங்கப்பா."

"ஜோ பொழைச்சானா, அதை முதல்ல கேளு."

அக்டோபர் 1
திங்கள். காலையிலேயே போன். பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு. பட்டியலை அவசரமாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறினேன். பல்லாவரம் தாண்டியதும்தான் ஞாபகம் வந்தது, அடகுச் சீட்டு அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது.