ஸ்டோரில் கிடந்த என்சைமும் அசையாத பீக்கும்

குளுக்கோஸ் சென்சாரின் கேலிப்ரேஷன் கோடு ஒருவழியாக நேராக விழுந்துவிட்டது. ஆனாலும் ஸ்டோர்காரர் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

சென்சாரில் குளுக்கோஸோடு வினைபுரியும் என்சைமான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பார்சல் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அட்டைப்பெட்டியில் -20 டிகிரியில் வைக்கச் சொல்லிக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. இன்வாய்ஸில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லையாம். என்ட்ரி போடவில்லை, எங்களுக்கு ஒரு போனும் இல்லை. அப்படியே ரூமைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை திறந்தால் ஜெல் பேக் வெதுவெதுவென்று இருக்கிறது. கேட்டால், "பவுடர்தானே சார், கெட்டா போயிடும்?" என்கிறார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரிலிருந்து எடுக்கும் இந்த என்சைம், உலர்ந்த தூளாக இருக்கும்வரை நன்றாகவே தாங்கும். எல்லா என்சைமும் அப்படி இல்லை. சந்தேகத்தோடு எலக்ட்ரோடில் ஏற்றிவிட்டால், சிக்னல் வராதபோது என்சைமைத் திட்டுவதா, அதைத் தாங்கும் கம்போசிட்டை (கார்பன் நானோகுழாயும் கைட்டோசானும் சேர்ந்த கலவை) திட்டுவதா? பெராக்சிடேஸும் டயானிசிடினும் சேர்த்தால், என்சைம் வேலை செய்யும் அளவுக்கு நிறம் ஏறும்; அந்த வேகத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்த்த பிறகே அதைத் தொட்டேன். பார்சல் ஐஸாக வந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

எலக்ட்ரோடு பாலிஷ், கார்பன் நானோகுழாயை ஆசிட்டில் கழுவுவது எல்லாம் வழக்கம்போல. கைட்டோசான் என்ற பாலிமரை 1% அசெட்டிக் ஆசிட்டில் கரைத்து, நானோகுழாயைப் போட்டு சோனிகேட் செய்து (ஒலி அலையால் கலக்கி) ஒரு சொட்டு விட்டால், ஓரத்தில் கறுப்பு வளையம் கட்டி நடுவில் வெளிறிப்போகிறது. ஃபேனை நிறுத்தி, மேலே பீக்கரைக் கவிழ்த்து மெதுவாகக் காயவிட்டதும் சீராக வந்தது. என்சைமைச் சோனிகேட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கடைசியில் கையால் கலந்தால் போதும்.

அடுத்துதான் பெரிய ஏமாற்றம். சிவியில் (வோல்ட்டேஜை ஏற்றி இறக்கிக் கரண்ட்டைப் பார்க்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி) -0.45 வோல்ட் பக்கம் அழகான ஜோடிப் பீக். நேரடி எலக்ட்ரான் மாற்றம் (இடையில் எதுவும் இல்லாமல் என்சைமே எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரான் கொடுப்பது) என்று லேபில் பேப்பர் தலைப்பே முடிவாகிவிட்டது. இந்த என்சைமில் அது நடப்பதில்லை என்று 2016-ல் பயோசென்சர் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் வில்சன் எழுதியதைப் படித்திருந்ததால் எனக்கு உறுத்தல். நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை விரட்டிவிட்டுக் குளுக்கோஸ் சேர்த்தேன். நேரடி மாற்றம் உண்மையென்றால் ஆக்சிடேஷன் கரண்ட் ஏற வேண்டும். பீக் அசையவே இல்லை! என்சைமிலிருந்து கழன்ற ஃபிளேவின் (என்சைமில் எலக்ட்ரானைச் சுமக்கும் பகுதி) நானோகுழாயில் ஒட்டிக்கொண்டாலும் இதே இடத்தில்தான் பீக் வரும். கைடு முகம் வாடிவிட்டது; ரிவ்யூவர் கையில் மாட்டுவதற்கு இது பரவாயில்லை.

பிறகு, என்சைம் குளுக்கோஸை ஆக்சிடைஸ் செய்யும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடையே அளக்கும் பழைய வழிக்குத் திரும்பினோம். +0.6, +0.7 வோல்ட்டில் அளந்தால் அஸ்கார்பிக் ஆசிட்டும் யூரிக் ஆசிட்டும் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் கம்போசிட்டுக்கு அடியில், பெராக்சைடைக் குறைந்த வோல்ட்டிலேயே பிடிக்கும் பிரஷ்யன் புளூ என்ற நீல நிறமியின் படலம் போட்டு, பூஜ்யத்தை ஒட்டி -0.05 வோல்ட்டில் வைத்தோம். பஃபரில் பொட்டாசியம் குளோரைடு இருக்கட்டும். வெறும் சோடியம் பஃபரில் பிரஷ்யன் புளூ சரியாக வேலை செய்யாது. காரத்தன்மை ஏறினால் படலமே கரைந்துவிடும். அஸ்கார்பிக் ஆசிட் ஊற்றியபோது கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அன்றைக்கு டீ என் செலவு.

குளுக்கோஸ் கரைசலை முந்தின இரவே கலந்து வையுங்கள். கரைசலில் குளுக்கோஸ் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவத்தில் இருக்கும்; என்சைம் பீட்டா வடிவத்தைத்தான் தொடும். ஆல்ஃபாவும் பீட்டாவும் சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும். சீரத்தில் சோதிக்கப் போகிறீர்களா? எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தை எலக்ட்ரோடு வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். எங்களுடையது ஒரு கையெழுத்துக்காக இன்னும் அங்கேயே கிடக்கிறது.